மொக்தா: கொரியர் உண்ணும் பொருள்கள்

அந்நிய பாஷை ஒன்றைக் கற்கப் புகுந்தவருக்கு முதல் வாரத்திலேயே வசப்பட்டுவிடும் வினைச்சொற்கள் சில உண்டு. வருதல், போதல், காணுதல், உண்ணுதல், உறங்குதல் என்னும் அவை மனித ஜீவனத்துக்கே ஆதாரமான காரியங்களைக் குறிப்பதால், ஒருமுறை பொருள் தெரிந்துகொண்ட பின் இவற்றில் ஆராய வேண்டுவது ஒன்றுமில்லை என்று எண்ணி, மாணாக்கர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவது வழக்கம். கொரிய பாஷையில் 'மொக்தா' என்னும் சொல் அவ்வாறு புரட்டப்படும் பக்கத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் அதற்கு 'உண்ணுதல்' என்று ஒரே சொல்லில் அர்த்தம் சொல்லி அமைந்துவிடும். சில மாதங்கள் கழிந்து, அதே மாணாக்கர் கொரியர் இருவர் தமக்குள் சம்பாஷிப்பதைச் செவிமடுக்கும்போதுதான் ஆச்சரியம் தொடங்குகிறது. அந்த ஜனங்கள் வயதை உண்கிறார்கள், வசவை உண்கிறார்கள், அச்சத்தையும் வெயிலையும் உண்கிறார்கள், தம் மனத்தையே உண்கிறார்கள். துணி கஞ்சியை உண்கிறது, காகிதம் எண்ணெயை உண்கிறது. கால்பந்து ஆட்டத்தில் எதிரணி அடித்த கோலைக்கூட, அதை வாங்கிக்கொண்ட அணி உண்டதாகவே பேச்சு. ஒரு சொல்லின் நேர்ப்பொருளுக்கும் குறிப்புப்பொருளுக்கும் உள்ள உறவை அறிய இதனினும் சிறந்த உதாரணம் அப்பாஷையில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சொல்லின் ஓசையைத் தமிழெழுத்தில் செவ்வையாகக் காட்டுவது அரிது. முதலசையில் உள்ள உயிர் நம்முடைய அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே நிற்பது. ஈற்றில் உள்ள 'தா' சற்று அழுத்தி ஒலிக்கப்படுவது. அந்த 'தா' அகராதியில் எல்லா வினைச்சொற்களுக்கும் பொதுவாகச் சூட்டப்படும் விகுதி. பேச்சில் பெரும்பாலும் அது நீங்கி, 'மொக்' என்னும் பகுதியோடு காலத்தையும் மரியாதையையும் காட்டும் வேறு விகுதிகள் வந்து சேரும். பகுதியோடு விகுதிகள் அடுக்கிச் சொல் வளரும் இம்முறையும், வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் முறையும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும் முறையும் தமிழருக்குப் பிறவியிலேயே பழகியவை. எழுத்தும் சிரமம் தருவதில்லை. சேஜோங் என்னும் அரசர் 1443-இல் அமைத்து 1446-இல் பிரகடனம் செய்த ஹங்குல் லிபி, சாமானிய ஜனங்கள் சுலபமாகக் கற்க வேண்டும் என்னும் நோக்கத்தோடே வகுக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் பிற்பகுதியில் ஹூண்டாய் நிறுவனம் மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கியது முதல், ஜீவனோபாயத்துக்காக இப்பாஷையைப் பயில்வோர் தமிழ்நாட்டில் உண்டு; நாடகங்களின்மேல் கொண்ட பிரியத்தால் பயிலும் இளைஞர் அதற்குப் பின் வந்தவர்கள். இவ்விரு சாராருக்கும் இலக்கணம் கைகொடுக்கும். சொற்களின் உட்பொருள்தான் காத்திருக்க வைக்கும்.

நேர்ப்பொருளே நாம் நினைப்பதைவிட அகலமானது. சோற்றையும் பழத்தையும் மட்டுமன்றி, மருந்தையும் தாய்ப்பாலையும் மதுவையும்கூடக் கொரியர் 'மொக்தா' என்றே சொல்லுவர். பருகுதலுக்கென்று 'மாஷிதா' என்னும் தனிச்சொல் இருந்தும், மதுவை உண்டதாகச் சொல்லுவது அன்றாடப் பேச்சில் சர்வசாதாரணம். இதில் நமக்கு வியப்பில்லை; திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குக் 'கள்ளுண்ணாமை' என்றுதானே பெயர்? புகையிலையும் அங்கே உண்ணப்பட்ட பொருளே. நம் பாட்டிமார் 'ஒரு ஊரிலே' என்று கதையைத் தொடங்கினால், கொரியப் பாட்டிமார் 'புலி புகையிலை உண்ட காலத்திலே' என்று தொடங்குவர். சுவோன் நகரத்துப் பல்தால்சா என்னும் பௌத்தக் கோயிலில், புலியின் வாயில் நீண்ட புகைக்குழாய் இருக்க, முயல்கள் அதற்கு உபசாரம் செய்வதாக ஒரு சுவரோவியமே எழுதியிருக்கிறார்கள்.

உண்ணப்படுவனவற்றுள் தலையாயது 'பாப்'. வெந்த சோறு என்பது அதன் முதற்பொருள். ஒருவேளை ஆகாரம் முழுவதும் என்பது விரிந்த பொருள். பிழைப்பு என்பது அதற்கும் அப்பால் நிற்பது. எதிர்ப்படுகிறவரை 'பாப் உண்டீரா?' என்று கேட்பது அங்கே நலம் விசாரிக்கும் சம்பிரதாயம். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நமக்கு இதன் தாத்பரியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னே நெடுங்காலத்துப் பசியின் சரித்திரம் ஒன்று கிடக்கிறது. இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் தீர்ந்துபோய், வயலில் நிற்கும் வாற்கோதுமை இன்னும் முற்றாதிருக்கும் வசந்தகாலத்து வாரங்களை அவர்கள் 'போரித்கோகே' என்பர். வாற்கோதுமைக் கணவாய் என்பது அதன் சொற்பொருள். நாட்டின் பெரும்பகுதி மலையாகவே உள்ள தேசத்தில், கணவாயைக் கால்நடையாக ஏறி இறங்குவதன் துன்பத்தை அறிந்தவர்கள், அறுவடைக்கு முந்திய பட்டினி நாட்களையும் அவ்வாறே ஏறிக் கடக்க வேண்டியதாகக் கண்டார்கள். புல்வேரும் பைன் மரத்தின் உட்பட்டையும் அப்போது உணவாயின. 1950-இல் மூண்டு 1953-இல் ஓய்ந்த யுத்தத்துக்குப் பின்னும் சில காலம் இந்நிலை நீடித்தது. ஆகவே, இன்று முதியவர்களாய் இருக்கும் கொரியர் பலர் தம் பால்யத்தில் 'உண்டாயா?' என்னும் கேள்வியை வெறும் உபசார வார்த்தையாகக் கேட்டவர்கள் அல்லர்.

இனி, வயதை உண்பது. வயதுக்குக் கொரியர் 'நாஇ' என்பர். ஒருவருக்கு வயதாகிறது என்பதைச் சொல்ல, அவர் நாஇயை உண்டார் என்பதே இயல்பான வழக்கு. இதை வெறும் அலங்காரமென்று விட்டுவிட முடியாதபடி, இதற்குப் பின்னே நிஜமான ஒரு கிண்ணமும் நிஜமான ஓர் உணவும் இருக்கின்றன. 'சொல்லால்' என்னும் சந்திரமான வருஷப்பிறப்பன்று, முன்னோர்க்குப் படையலிட்டு வணங்கிய பின், வீட்டிலுள்ளோர் அனைவரும் 'தொக்குக்' என்னும் ரசத்தை உண்பர். அரிசி மாவை வேகவைத்து இடித்து, நீண்ட வெண்ணிறத் திரியாக உருட்டி, நாணயம் போல வட்டவட்டமாக அரிந்து, மாட்டிறைச்சியின் சாற்றில் இட்டுக் கொதிக்கவைப்பது அது. அதை உண்டால் அன்றி அந்த ஆண்டின் வயது ஏறாது என்பது வழக்கு. வயதைக் கூட்டும் பணியாரம் என்று பொருள்படும் சீனமொழிப் பெயரொன்றும் பழைய நாளில் அதற்கு வழங்கிற்று. குழந்தைகளிடம் 'எத்தனை கிண்ணம் தொக்குக் உண்டிருக்கிறாய்?' என்று வினவினால், வயதென்ன என்று கேட்பதாகவே அர்த்தம்.

இந்த வழக்கு உயிரோடு நிலைத்ததற்கு, அவர்கள் வயதை எண்ணிய முறையும் ஒரு காரணம். பிறந்த குழந்தைக்கு அன்றே ஒரு வயது. பிறகு பிறந்தநாள் எப்போது வந்தாலும், வருஷம் மாறும் தினத்தில் தேசத்திலுள்ள எல்லோருக்கும் ஒருசேர ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்த சிசு, மறுநாள் பொழுது விடிந்ததும் இரண்டு வயதை அடைந்ததாகும். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தேதியில் வளரும் நம் முறைக்கும், ஒரு ஜாதி முழுவதும் ஒரே காலையில் ஒரே உணவை உண்டு சேர்ந்து மூப்படையும் அம்முறைக்கும் உள்ள பேதம் சிறியதன்று. தென்கொரிய அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி முதல், சட்ட வியவகாரங்களிலும் அலுவலகக் காரியங்களிலும் உலகெங்கும் வழங்கும் முறையையே வயதுக்குப் பிரமாணமாக்கிவிட்டது. கட்டாய ராணுவ சேவை, மதுவும் புகையிலையும் வாங்குதல் முதலிய சிலவற்றுக்கு மட்டும் பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடுவது நீடிக்கிறது. சட்டம் மாறியதால் பேச்சு மாறவில்லை. இப்போதும் கொரியர் வயதை உண்டே வருகிறார்கள்.

உண்டதாகச் சொல்லுவதில் மற்றொரு நயமும் இருக்கிறது. உண்ட பொருள் உடம்பில் சேர்ந்து பலமாக வேண்டும். சேராவிட்டால் உண்டது வீண். அதனால், பக்குவமில்லாமல் நடந்துகொள்ளும் பெரியவரை, 'வயதை வீணாக உண்டவர்' என்று இடித்துரைப்பர். ஆண்டுகள் செல்லச்செல்ல இளமையாகவே தோன்றுகிறவரை, வயதைத் தலைகீழாக உண்கிறவர் என்று புகழ்வதும் உண்டு. உணவென்று கொண்டதனால்தான் இவ்வளவு நுட்பமான கிளைகள் இச்சொல்லில் கிளைத்தன; வயது ஏறிற்று, வயது போயிற்று என்று சொல்லும் வழக்கில் இவற்றுக்கு இடமில்லை.

வசவு, அச்சம், வெயில் ஆகியவற்றை உண்பது வேறொரு வகை. 'யோக்' என்றால் வசவு. 'யோக் மொக்தா' என்றால் திட்டு வாங்குதல். 'கொப்' என்பது பயம்; அதை உண்டவன் பயந்தவன். புறத்திலிருந்து வந்து தாக்கும் ஒன்றை மறுக்க இயலாமல் ஏற்று, தன்னுள்ளே வாங்கிக்கொள்ளுதலை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன. ஹிந்தி பேசுவோரும் அடியைத் தின்பர், வசவைத் தின்பர், லஞ்சத்தையும் சத்தியத்தையும் தின்பர். ஆனால் தமிழ் மாணாக்கர் அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. வெட்டுண்டான், கட்டுண்டான், தாக்குண்டான், தள்ளுண்டான் என்று நாம் எழுதும்போது, 'உண்' என்னும் வினையே செயப்பாட்டுப் பொருளைத் தாங்கி நிற்கிறது. வெட்டை ஏற்றவன் வெட்டுண்டவன். அன்றியும், உணவாகத் தகாத ஒன்றை உண்ணப்பட்டதுபோலச் சொல்லுவதும் மரபுதான் என்று தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் தனியே விதி செய்திருக்கிறார். தலைவனைப் பிரிந்த தலைவியின் அழகைப் பசலை உண்டது என்று சங்கப் புலவர் பாடியது அந்த மரபையொட்டியே. கொரிய பாஷையின் இப்பிரயோகங்களை விசித்திரமென்று கருதி நெட்டுருப் போடும் தமிழர், தம் பாஷையின் பழஞ்செல்வத்தை ஒருகணம் நினைத்துப் பார்த்தால், பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

வெயிலை உண்பதைப் பற்றிச் சற்றே நின்று சொல்ல வேண்டும். 'தொவி' என்பது வெம்மை. கோடையில் வெப்பம் தாக்கித் தலைசுற்றிச் சோர்ந்தவரை, தொவியை உண்டவர் என்பர். சந்திரமான வருஷத்தின் முதற் பௌர்ணமி அன்று ஒரு வேடிக்கையான ஆசாரம் உண்டு. சூரியோதயத்துக்கு முன்னே எழுந்து, தெரிந்தவர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது. அவர் ஏனென்று பதில் குரல் கொடுத்தவுடன், 'என் வெயிலை வாங்கிக்கொள்' என்று சொல்லிவிடுவது. அவ்வளவில், வரப்போகும் கோடையில் தாம் உண்ண வேண்டிய வெம்மை முழுவதும் அவர் தலையில் விற்பனையாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் அன்று காலை யார் கூப்பிட்டாலும் வாய் திறப்பதில்லை. விற்கவும் வாங்கவும் உண்ணவும் கூடிய ஒரு பண்டமாக வெப்பத்தை நினைத்த ஜனங்களுக்கு, 'வெயிலை உண்டான்' என்பது எவ்வளவு பிரத்தியட்சமான வார்த்தையாக இருந்திருக்க வேண்டும்!

இவற்றினும் ஆழமானது மனத்தை உண்பது. 'மாஉம்' என்பது மனம். 'மாஉம் மொக்தா' என்றால் தீர்மானித்தல், சங்கற்பித்தல். இங்கே வெளியிலிருந்து வரும் ஒன்றை ஏற்பது என்னும் விளக்கம் பொருந்தாது. ஒருவர் தம்முள்ளே எழுந்த எண்ணத்தைத் தாமே விழுங்கி உறுதியாக்கிக்கொள்ளுகிறார். 'எல்லாம் மனத்தை உண்ணும் விதத்தைப் பொறுத்தது' என்பது கொரியர் நாவில் அடிக்கடி வரும் வாசகம். அதைச் சொல்லும்போது அவர்கள் நினைவில் நிற்பவர் வொன்ஹியோ என்னும் பௌத்த ஆசாரியர். சில்லா ராஜ்யத்தில் 617 முதல் 686 வரை வாழ்ந்த அம்மகான், உய்சாங் என்னும் தோழரோடு சீன தேசத்துக்குத் தர்மம் கற்கப் புறப்பட்டாராம். வழியில் மழைக்கு ஒதுங்கிய குகையிலே, நள்ளிரவில் தாகமெடுத்து, இருளில் கைக்கு அகப்பட்ட பாத்திரத்திலிருந்த நீரைப் பருகி, அமிர்தமென்று மகிழ்ந்து உறங்கினார். விடிந்ததும் பார்த்தால், அது ஒரு மண்டையோடு. உள்ளே கிடந்தது அழுகிய நீர். குமட்டல் எடுத்த அந்தக் கணத்தில், நீர் மாறவில்லை, மாறியது தம் மனமே என்று உணர்ந்து, சீனப் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினார் என்று ஐதிகம் கூறும். கொரியாவில் இக்கதையைக் கேட்டிராத குழந்தை அரிது. உண்ணுதலும் மனமும் ஒரே சொற்றொடரில் ஏன் கூடின என்பதற்கு இக்கதை வரலாற்றுச் சான்று ஆகாது. ஆனால் அச்சொற்றொடர் ஒரு கொரியரின் செவியில் எழுப்பும் எதிரொலி இன்னதென்று இது தெரிவிக்கும்.

மம்மடர் முதலிய வடமொழி அலங்கார நூலார், ஒரு சொல்லின் முக்கியார்த்தம் பொருந்தாமல் தடைப்படும்போதே லட்சணை என்னும் குறிப்புப்பொருள் பிறக்கும் என்றனர். வயதையும் அச்சத்தையும் பல்லால் மென்று விழுங்க முடியாதாகையால், அங்கே கேட்பவர் தாமே வேறு பொருளைத் தேடிக்கொள்ளுகிறார். ஆனால் கொரிய பாஷையில், தடையே இல்லாத இடத்திலும் குறிப்புப்பொருள் வந்து அமர்ந்துவிடுகிறது. கற்பவருக்கு உண்மையான இடர்ப்பாடு அங்கேதான். ஓர் இளைஞர் 'நான் கடற்பாசி ரசம் உண்டேன்' என்று சொன்னால், அவர் உண்மையிலேயே ரசத்தை உண்டிருக்கலாம். பரீட்சையில் தேறாமலும் போயிருக்கலாம்.

அந்த ரசத்தின் பெயர் 'மியோக்குக்'. பிரசவித்த தாய்க்கு உடல் தேற வாரக்கணக்கில் கொடுக்கப்படுவது அது. மகப்பேற்றைக் காக்கும் சாம்ஷின் என்னும் மூதாட்டித் தெய்வத்துக்குப் படைப்பதும் அதுவே. பிறந்தநாள்தோறும் அதை உண்பதால், அன்று 'மியோக்குக் உண்டாயா?' என்று கேட்பது வாழ்த்தைப் போன்றது. இவ்வளவு மங்கலமான ஓர் உணவின் பெயர் தோல்விக்கு எப்படி வந்தது? கடற்பாசி வழுவழுப்பானது, அதை உண்டவன் வழுக்கி விழுவான் என்பது ஜனங்கள் சொல்லும் காரணம். வேறொரு விளக்கமும் உண்டு. 1907-இல் ஜப்பானியர் வற்புறுத்தலால் கொரிய ராணுவம் கலைக்கப்பட்டது. கலைத்தலுக்கும் பிரசவத்துக்கும் கொரிய ஒலியில் 'ஹேசான்' என்று ஒரே உச்சரிப்பு. வேலையிழந்த சிப்பாய்களின் துயரத்தை நேரே சொல்ல வாய் கூசியவர்கள், பிரசவித்தவள் உண்பதை அவர்களும் உண்டதாக மறைபொருளில் சொன்னார்கள் என்பர். இவ்விரண்டில் வழுக்குதலே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், பரீட்சையைப் பற்றிய கொரியச் சொற்கள் அனைத்தும் வழுக்குதலையும் ஒட்டுதலையுமே சுற்றி வருகின்றன. தேறுவதற்குரிய வினை 'ஒட்டிக்கொள்ளுதல்' என்பதாகவும், தவறுவதற்குரிய வினை 'விழுதல்' என்பதாகவும் இருக்கிறது.

நவம்பர் மாதத்தில் நடைபெறும் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையன்று, ஆங்கிலம் செவிமடுத்து விடையெழுதும் பகுதி நடக்கும்போது, ஓசை எழாதிருக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நாடெங்கும் நிறுத்திவைக்கப்படுகின்றன. அவ்வளவு கௌரவம் வாய்ந்த அந்தப் பரீட்சையின் நாட்களில், மாணாக்கருக்கு உற்றாரும் ஆசிரியரும் 'யொத்' என்னும் பிசுபிசுப்பான பாகு மிட்டாயையும், ஒட்டுந்தன்மையுள்ள அரிசியால் செய்த பணியாரத்தையும் அளிக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தின் வாயிற்கதவில் தாய்மார் யொத்தை ஒட்டிவைத்து வேண்டிக்கொள்ளுவதும் உண்டு. கடற்பாசி ரசம் அன்று அடுப்பேறுவதில்லை. சொல்லின் குறிப்புப்பொருள் திரும்பி வந்து, வீட்டுச் சமையலையே ஆளுகிறது. 1964-இல் சியோல் நகரத்தில் நடுநிலைப் பள்ளிப் பிரவேசப் பரீட்சையில், யொத் காய்ச்சுவதற்கு முளைதானிய மாவுக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று ஒரு வினா வந்தது. முள்ளங்கிச் சாறு என்று விடையளித்தவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அப்பிள்ளைகளின் தாய்மார் முள்ளங்கிச் சாற்றைக் கொண்டே யொத் காய்ச்சி எடுத்துக்கொண்டு, கல்வி அதிகாரிகளின் முன்னே போய் உண்ணச் சொல்லி நின்றார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது.

இவ்வாறே, நூலிழைச் சேவை போன்ற குக்சு, நீளமாயிருப்பதால் தீர்க்காயுளுக்கும் தாம்பத்தியத்துக்கும் அடையாளமாகி, விவாக விருந்தில் பரிமாறப்படுவது. மணமாகாத ஆடவரையோ பெண்ணையோ பெரியவர்கள் 'எங்களுக்கு எப்போது குக்சு உண்ணக் கொடுப்பாய்?' என்று கேட்பது, கல்யாணச் சாப்பாடு எப்போது என்று நம்மவர் கேட்பதற்கு அப்படியே சமானம். பயறு கலந்த சோற்றை உண்டான் என்றால் சிறை சென்றான் என்பது பொருள். முன்னாளில் சிறைக்கூடங்களில் அதுவே கைதிகளின் ஆகாரம்.

பிறவினையாக்கி 'மொகிதா' என்றால் ஊட்டுதல். குழந்தைக்கு ஊட்டுவதும் கால்நடையை வளர்ப்பதும் அச்சொல்லில் அடங்கும். உயிரற்ற பொருள்களுக்கு ஊட்டுவதும் அடங்கும். பழைய கொரிய இல்லங்களில், துவைத்த துணிக்குக் கஞ்சியை ஊட்டி, அரைகுறையாய் உலர்ந்த பின், பெண்கள் இருவர் எதிரெதிரே அமர்ந்து வழுவழுப்பான கல்லின்மேல் வைத்துக் கட்டைகளால் தட்டிப் பளபளப்பாக்குவர். அடுப்பின் வெப்பம் தரைக்கு அடியில் பாய்ந்து அறையைச் சூடாக்கும் அவ்வீடுகளில், தரையின்மேல் ஒட்டும் கனத்த காகிதத்துக்கு எண்ணெயை ஊட்டி ஈரம் புகாமல் செய்வர். பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டினாள் என்று எழுதிய தமிழுக்கு இதுவும் அந்நியமன்று.

வேறொரு வினைக்குத் துணையாக நிற்கும்போதுதான் மொக்தா கசப்பை ஏற்கிறது. மறந்து-உண்டான், ஏய்த்து-உண்டான், விற்று-உண்டான் என்று சேர்த்துச் சொன்னால், செய்த காரியத்தின்மேல் சொல்பவருக்குள்ள வெறுப்போ இளக்காரமோ வெளிப்படும். 'காமொக்தா' என்பதன் வளர்ச்சியைப் பாருங்கள்: கொட்டையைத் தோலுரித்து உண்ணுதல் என்பது முதற்பொருள், கைமுதலைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்தல் என்பது அடுத்தது, நினைவில் வைக்க வேண்டியதை மறந்துவிடுதல் என்பது மூன்றாவது. உரித்து உண்ட பின் எஞ்சுவது வெறுந்தோலே அல்லவா? 'பாரா மொக்தா', அதாவது விற்று உண்ணுதல் என்பதோ கொரியரின் சரித்திரத்தில் ஆறாத புண்ணைத் தொடும் சொல். 1905-இல் தேசத்தை ஜப்பானின் பாதுகாப்புக்குக் கீழ்ப்படுத்திய உடன்படிக்கைக்கு இசைந்த ஐந்து மந்திரிகளையும், அவர்களுள் ஒருவராயிருந்து 1910 ஆகஸ்டு 22-ஆம் தேதி இணைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்ட யி வான்யோங்கையும், நாட்டை விற்று உண்டவர்கள் என்றே இன்றும் அழைக்கிறார்கள். விற்றவர்கள் என்று மட்டும் சொன்னால் அந்தக் கோபம் அடங்காது. விற்ற பணத்தில் தின்று கொழுத்தவர்கள் என்னும் குற்றச்சாட்டு அத்துணைவினை ஒன்றினாலேயே நிறைவேறுகிறது.

ஓர் எச்சரிக்கை. காது கேளாமற் போதலையும் 'மொக்தா' என்றே சொல்லுவர். காதை உண்ணுதல் என்று இதற்கு நயம் கற்பிக்க முயல்வது வீண். தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பேரகராதி, இதை ஒலியால் மட்டும் ஒத்த வேறு சொல்லாகவே தனித்து வைத்திருக்கிறது. ஆகவே, கற்பவர் தம் கைப்புத்தகத்தில் 'மொக்தா: உண்ணுதல்' என்று ஒற்றை வரியில் எழுதி முடிக்காமல், எந்தப் பெயரோடு சேர்ந்து வந்தது, யார் யாரிடம் சொன்னது என்பதையும் உடன் குறித்துவைப்பது நலம். சொல்லட்டைகளில் ஒருபுறம் கொரியமும் மறுபுறம் ஒரு தமிழ்ச்சொல்லுமாக எழுதி மனனம் செய்யும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இத்தகைய சொற்களுக்கு அது உதவாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

யாரிடம் சொன்னது என்பது மிக முக்கியம். பெரியவர் ஒருவர் உணவருந்துவதைச் சொல்ல நேர்ந்தால், மொக்தா என்பதோடு மரியாதை விகுதியைச் சேர்த்தாலும் போதாது; 'துஷிதா' என்றோ, இன்னும் பணிவாக 'ஜாப்சுஷிதா' என்றோ சொல்லையே மாற்ற வேண்டும். அவர் உண்ணும் 'பாப்' என்பதும் 'ஜின்ஜி' என்றாகிவிடும். ஆனால் அதே பெரியவர் அச்சத்தையோ வெயிலையோ மனத்தையோ உண்டாரானால், மொக்தாவே மரியாதை விகுதியை மட்டும் பெற்று நிற்கும். உபசாரத்துக்குரிய அந்த உயர்ந்த சொற்கள் அங்கே வருவதில்லை. உணவை உண்பது எது, உவமையாக உண்பது எது என்பதை எந்த இலக்கண நூலும் விளக்காமலே ஒரு கொரியச் சிறுவன் இவ்வாறு நாவினால் பிரித்துவிடுகிறான். வயது ஒன்றுதான் இந்த வரம்பைக் கடந்தது. முதியவர் மிகுந்த வயதை உடையவர் என்று சொல்லும்போது, அவர் வயதையும் ஜாப்சுஷிதா என்றே சொல்லுவர்; வயதைக் குறிக்கும் நாஇயும் 'யொன்சே' என்னும் கௌரவப் பெயரைப் பெறும்.